அடியில் பெயரில்லாத மூன்று ஜாடிகள்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் என் தாத்தா ரைட்டராக இருந்தார். 1950களின் தொடக்கத்தில் எஸ்டேட் துரை ஊருக்குக் கிளம்பியபோது, பங்களாவில் இருந்த மூன்று கண்ணாடி ஃப்ளவர் வாஸ்களைத் தாத்தாவுக்குக் கொடுத்தாராம். ஒன்று மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். வாய் கொசுவம்போல மடிந்து, விளிம்பு பால் நிறமாக இருக்கும். இரண்டாவது நிறமில்லாதது, பட்டை தீட்டியது, நல்ல கனம். மூன்றாவது ஆரஞ்சு நிறத்தில் மீன் வடிவம். மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர்போலப் பல வண்ணம் காட்டும். எதன் அடியிலும் பெயரோ எண்ணோ இல்லை. பழைய சாமான் வாங்கும் ஒருவர், முதல் இரண்டும் 200 வருடப் பழமையான பெல்ஜியம் கண்ணாடி, வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன், மூன்றாவது லோக்கல் சரக்கு, அதைச் சும்மா சேர்த்துக் கொடுங்கள் என்கிறார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். இவை எங்கே, எப்போது செய்யப்பட்டவை என்று கண்டுபிடிக்க முடியுமா? கனமான ஜாடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதைப் போக்க முடியுமா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று ஜாடிகளில், சும்மா கேட்கப்படும் அந்த மீன் ஜாடிக்குத்தான் ஊரையும் தொழிற்சாலையையும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். மடிப்பு வாய் ஜாடியின் காலத்தை ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளிக்குள் அடக்கலாம். அதைச் செய்தவர் பெயர் கிடைப்பது அரிது. கனமான ஜாடியைப் பற்றி, கீழே சொல்லும் சோதனைகளை நீங்கள் செய்து பார்த்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். அதுவரை மூன்றில் எதுவும் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

அடியில் பெயர் இல்லை என்பது உங்களைக் கவலைப்படுத்தியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேலத்தில் பழைய கண்ணாடியையும் பீங்கானையும் செப்பனிட்டு, மதிப்பிட்டு வருகிற எனக்குப் பெயருள்ள ஜாடி கையில் வருவதுதான் அபூர்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்யப்பட்ட பூ ஜாடிகளில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. பல தொழிற்சாலைகள் காகிதச் சீட்டு ஒட்டின; முதல் தடவை கழுவியதும் அது போய்விடும். இங்கிலாந்தில் ஒரு வடிவத்தைப் பதிவு செய்தவர்கள் 1842 முதல் 1883 வரை சாய்சதுரக் குறியும், 1884 முதல் பதிவு எண்ணும் இட்டார்கள்; ஆனால் அவை பெரும்பாலும் அச்சில் அழுத்திச் செய்த மலிவான சாமான்களில்தான் காணப்படும். அமெரிக்காவுக்கு அனுப்பும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அந்நாடு சட்டம் இயற்றியது. சென்னைத் துறைமுகத்துக்கு வந்த சாமானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே, பெயர் இல்லாதது பழமைக்கும் சான்றாகாது, போலி என்பதற்கும் சான்றாகாது.

இருந்தாலும், இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு சில தொழிற்சாலைகள் அமிலத்தால் அரித்த மிகச் சிறிய முத்திரையை அடிப்புறத்தில் பதித்தன. நேராகப் பார்த்தால் அது தெரியாது. அடியின் மீது வாயால் ஆவி ஊதி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஆவி கலையும் அந்த ஓரிரு நொடிகளில் எழுத்து தோன்றி மறையும். ஏற்காட்டின் குளிர்ந்த காலை வேளை இதற்கு மிகவும் ஏற்றது. அடியில் மங்கிய காகிதத் துணுக்கு ஏதாவது ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டவோ நனைக்கவோ வேண்டாம்.

இனி அந்தப் பெல்ஜியம் என்ற சொல்லைப் பார்ப்போம். நம் ஊர்களில் தடித்த நிலைக்கண்ணாடி எல்லாமே பெல்ஜியம் கண்ணாடிதான். ஒரு காலத்தில் அந்நாட்டுக் கண்ணாடி இங்கே நிறைய வந்து இறங்கியதால், அந்தப் பெயர் தரத்தைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. பெல்ஜியத்தில் மிகச் சிறந்த ஜாடிகளும் செய்யப்பட்டன; லியேஜ் நகருக்கு அருகில் 1826இல் தொடங்கிய வால் சான் லம்பேர் தொழிற்சாலையின் பட்டை தீட்டிய ஈயக் கண்ணாடி உலகப் புகழ் பெற்றது. ஆகவே உங்கள் கனமான ஜாடி பெல்ஜியத்தைச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எடை பார்க்காமல், அடியைத் திருப்பிப் பார்க்காமல் சொன்ன பெயர் அது என்பதுதான் என் ஆட்சேபம்.

பெயரில்லாத கண்ணாடிக்குக் காலம் கணிக்கும்போது நான் இரண்டு எல்லைகளைத் தேடுவேன். இந்தப் பொருளோ இந்தச் செய்முறையோ எந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்கவே முடியாது என்பது கீழ் எல்லை. இது எந்த ஆண்டுக்குள் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது மேல் எல்லை. கீழ் எல்லையைக் கண்ணாடியே காட்டிக்கொடுக்கும். மேல் எல்லைக்கு வீட்டு நினைவும் காகிதமும் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. துரை கிளம்பிய ஆண்டு உங்கள் மூன்று ஜாடிகளுக்கும் எவ்வளவு பெரிய உதவி என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

மடிப்பு வாய் ஜாடியில் தொடங்குவோம். கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றை இரவல் வாங்கி, இருட்டறையில் அதன் மேல் பிடியுங்கள். கண்ணாடி முழுவதும் உள்ளிருந்து எரிவதுபோல இளம்பச்சை ஒளி வீசினால், நிறத்துக்காக அதில் யுரேனியம் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் நிறத்தை வைத்துப் பார்த்தால் அப்படி ஒளி வீசும் என்றே எதிர்பார்க்கிறேன். மங்கலான பச்சைச் சாயல் மட்டும் தெரிந்தால் அது மாங்கனீசாகவும் இருக்கலாம். யுரேனியத்தின் ஒளியில் ஐயத்துக்கு இடமே இராது. இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் ரீடல் குடும்பத்தார் 1830களில் இந்த நிறக் கண்ணாடியைப் பெரிய அளவில் செய்து, மஞ்சளுக்கும் பச்சைக்கும் தம் குடும்பத்துப் பெண் அன்னாவின் பெயரையே வைத்தார்கள். அங்கிருந்து அது இங்கிலாந்துக்கும் மற்ற நாடுகளுக்கும் பரவியது. எனவே ஜாடி ஒளிர்ந்தால், 200 ஆண்டுப் பழமை என்ற பேச்சு இந்த ஒன்றுக்கு அங்கேயே முடிந்துவிடும். யுரேனியம் என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் யாரும் அஞ்ச வேண்டாம். அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் கெடுதல் இல்லை. அதில் குடிக்கவும் உண்ணவும் வேண்டாம், உடைந்தாலோ விளிம்பு பெயர்ந்தாலோ அதைத் தேய்க்கவும் வேண்டாம்.

ஒளி கீழ் எல்லையை மட்டுமே தரும், ஏனென்றால் யுரேனியக் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. காலத்தை நெருக்கிப் பிடிக்க வாயையும் அடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளிம்பு மட்டும் பால் நிறமானதற்குக் காரணம் மேற்பூச்சு அல்ல. உருகிய கண்ணாடிக் குழம்பில் எலும்புச் சாம்பல் போன்ற பொருளைச் சேர்த்து ஊதி, சற்று ஆறிய பின் வாய்ப்பகுதியை மட்டும் மறுபடி உலைக்குள் காட்டும்போது, அந்த இடம் மட்டும் பாலாகத் திரிந்து நிற்கும். மடிப்பு வாயும் பால் விளிம்பும் மஞ்சள் பச்சையும் ஒன்றாகச் சேர்வது, 1880 முதல் 1910 வரை இங்கிலாந்தின் ஸ்டூர்பிரிட்ஜ், பர்மிங்காம் வட்டாரங்களில் கொடிகட்டிப் பறந்த மோஸ்தர். அங்கே அருகருகே இருந்த பல தொழிற்சாலைகள் ஒன்றின் வடிவத்தை மற்றொன்று எடுத்துச் செய்தன. அதனால்தான் செய்தவர் பெயர் கிடைப்பது அரிது என்றேன்.

அடிப்புறத்தின் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். ஊதிய ஜாடியின் வாயை விரிப்பதற்காக, அதன் அடியில் உருகிய கண்ணாடித் துளியால் பான்டில் என்ற இரும்புக் கம்பியை ஒட்டி, ஊதுகுழலை வாய்ப்பக்கம் வெட்டி எடுப்பார்கள். வாய் வேலை முடிந்ததும் கம்பியை உடைத்துப் பிரித்தால் அங்கே தொப்புள்போல ஒரு தழும்பு நிற்கும். அது சொரசொரப்பாகவே இருந்தால் சாதாரண வேலை. வட்டமாகச் சாணை பிடித்துக் குழித்து மெருகேற்றியிருந்தால் நல்ல பட்டறையின் வேலை. தழும்பே இல்லாவிட்டாலும் கையால் செய்ததல்ல என்று சொல்லிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அடியைக் கவ்விப் பிடிக்கும் விற்பிடிகள் வந்துவிட்டன. இதே மோஸ்தரை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுபடி எடுத்துச் செய்தவர்களும் உண்டு. துரை 1950களின் தொடக்கத்தில் கொடுத்தது என்பது மெய்யானால், அந்தப் பிற்காலச் செய்கைகள் தாமாகவே விலகிவிடுகின்றன. குடும்ப நினைவு ஆதாரமாக நிற்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இரண்டாவது ஜாடிக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். முதலில் அது உண்மையிலேயே பட்டை தீட்டியதா, அல்லது பட்டை போன்ற அச்சில் அழுத்திச் செய்ததா என்று தெரிய வேண்டும். கட்டை விரலைப் பட்டைகளின் முகட்டில் மெல்ல ஓட்டினால், சக்கரத்தில் தீட்டியது கூர்மையாக உறுத்தும். அச்சில் செய்தது மழுங்கி வழவழக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மயிரிழைபோல ஒரு கோடு, எதிர்ப்பக்கத்திலும் அதேபோல ஒன்று தெரிந்தால் அவை அச்சின் இணைப்புகள். அடியில் நட்சத்திரம் இருந்தால் அதன் கோடுகள் நடுவில் சந்திக்கும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கையால் தீட்டியவனின் சக்கரம் ஓரிரு கோடுகளை மையத்தைத் தாண்டி இழுத்திருக்கும். எனக்கு அந்தத் தவறிய கோடுகளின் மேல் தனிப் பிரியம் உண்டு. எவ்வளவு துல்லியமான அச்சும் அதைச் செய்யாது.

அடுத்தது எடை. ஈயம் கலந்த கண்ணாடியை 1670களில் லண்டனில் ஜார்ஜ் ராவன்ஸ்கிராஃப்ட் செய்து காட்டிய பிறகு, இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய நாடுகளின் உயர்ந்த பட்டைக் கண்ணாடி ஈயத்தைச் சார்ந்தே வளர்ந்தது. பொஹீமியக் கண்ணாடி நெடுங்காலம் சாம்பல் உப்பையும் சுண்ணாம்பையும் கொண்டு செய்யப்பட்டது. இவ்விரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். தட்டி ஓசை கேட்பது நம்பகமும் அல்ல, ஜாடிக்கு நல்லதும் அல்ல. அடர்த்தி பொய் சொல்லாது. அதற்கு வேண்டிய தராசு நம் ஊரிலேயே இருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கொலுசுப் பட்டறை எதற்காவது ஜாடியைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒரு கிராமைக்கூட விடாமல் காட்டும் தராசு அவர்களிடம் இருக்கும். முதலில் உலர்ந்த ஜாடியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் நிறைந்த வாளியைத் தராசில் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கி, உறுதியான நூலில் கட்டிய ஜாடியை வாளியின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கக் கூடாது. வாளி வழியவும் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். உலர்ந்த எடை 1,240 கிராம், மூழ்கியபோது தராசு காட்டியது 415 என்று வைத்துக்கொண்டால், விடை 2.99. சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில் நிற்கும். ஈயக் கண்ணாடி 2.9க்கு மேல் போகும். விடை 2.5ஐ ஒட்டி வந்தால் ஜாடி மோசமானது என்று பொருளல்ல, பொஹீமியாவிலும் அற்புதமான சாணை வேலை நடந்தது. ஆனால் வால் சான் லம்பேரின் சிறந்த வேலை என்ற பேச்சு பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

ஈயம் என்று தெரிந்தால் வேலையின் பாணியைப் பார்க்கலாம். ஆழமாக, இடைவெளியே விடாமல், உடம்பு முழுவதும் நட்சத்திரமும் விசிறியுமாகத் தீட்டியிருந்தால் 1880க்குப் பிறகு முதல் உலகப் போர் வரையிலான காலத்தை நினைக்கலாம். நேர்க்கோடுகளும் விரிந்த வெற்றிடமுமாக இருந்தால் 1930களை. பட்டைகளுக்குள் லென்ஸில் மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் மரச் சக்கரத்தில் மெருகேற்றியிருக்கிறார்கள். கோடே இல்லாமல் ஈரம்போல வழவழத்தால் அமிலத்தில் முக்கி மெருகேற்றியிருக்கிறார்கள், அந்த முறை பரவலானது இருபதாம் நூற்றாண்டில். சேர்வராயன் மலைக்குக் காபி வந்ததே 1820களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில்தான். 200 வருடம் என்று சொன்னவர் அந்தத் தலைமுறைத் துரைகளின் சாமான் என்று மறைமுகமாகச் சொல்கிறார். அதைக் காட்டும் பொறுப்பும் அவருடையது.

உட்புற வெண்மைக்கு வருகிறேன். இது இரண்டு வகைப்படும், ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. போர்த் தண்ணீரில் பூ வைத்து, தண்ணீரை மாற்றாமல் விட்ட வீடுகளில் வளையம் வளையமாக உப்புப் படியும். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, அறைச் சூட்டிலேயே ஓர் இரவு விட்டால் அது இளகிவிடும். அப்படி விட்டும், கழுவி உலர்த்தியதும் அதே மூட்டம் திரும்பி வந்தால், ஈரம் கண்ணாடியின் மேற்புறத்தையே அரித்திருக்கிறது. ஏற்காட்டின் மழை மாதங்களில் மூடிய அலமாரிக்குள் ஈரத்தோடு வைத்த ஜாடிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை வீட்டில் போக்க முடியாது. சாம்பல், புளி, செங்கல் பொடி, மணல் எதையும் உள்ளே போட்டுக் குலுக்காதீர்கள். வெந்நீர் ஊற்றவே வேண்டாம், தடித்த பட்டைக் கண்ணாடி சட்டென்று விரிசல் விட்டுவிடும். இனிமேலாவது, துடைத்து முழுக்கக் காயவைத்த பிறகே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

மீன் ஜாடியைப் பற்றி எழுதத்தான் நான் காத்திருந்தேன். கண்ணாடி சூடாக இருக்கும்போதே அதன்மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வரவழைத்த மினுக்கம் அது. அமெரிக்காவில் ஃபென்டன் தொழிற்சாலை 1907ஐ ஒட்டி இதை மலிவாகச் செய்து பரப்பியது. இந்த மினுக்கக் கண்ணாடிக்குக் கார்னிவல் கண்ணாடி என்ற பெயர் பல ஆண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர்கள் வைத்தது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் வளையல் நகரமான ஃபிரோசாபாத்தில் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை இதைச் செய்தது. மீன், கை, யானை வடிவங்களில் அது வார்த்த ஜாடிகள் வேறு எந்த நாட்டுக் கார்னிவல் கண்ணாடியோடும் குழம்பாதவை. அதன் டம்ளர்கள் சிலவற்றில் ஜெயின் என்ற பெயரே அச்சாகியிருக்கும்; ஜாடிகளில் பெயரைப் பார்ப்பது அரிது. தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு ஜாடியை நான் பொஹீமியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பின்னால் ஃபிரோசாபாத் ஜாடிகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் என் பிழை தெரிந்தது. உரியவரைத் தேடிப் போய்த் திருத்திக் கொடுத்தேன். அதனால் உங்கள் விஷயத்தில் நான் அவசரப்படவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை சிலதான். ஆரஞ்சு நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறதா, மேற்புறத்தில் மட்டுமா என்று அடிப்பகுதியில் பாருங்கள். அடி நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் நிறம் தெளிப்பில்தான் இருக்கிறது. உள்ளே விரலை விட்டால் மீனின் மேடு பள்ளங்கள் உட்புறத்திலும் தெரிகின்றனவா? தெரிந்தால் அச்சுக்குள் ஊதிச் செய்தது. உட்புறம் வழவழப்பாக இருந்தால் அழுத்திச் செய்தது. சுவர் மெல்லியதாகவும் அச்சுக்கோடுகள் மறைக்கப்படாமலும் இருக்க வேண்டும். இவை பொருந்தினால் ஜாடி ஃபிரோசாபாத்தைச் சேர்ந்தது, 1930களுக்கு முற்பட்டதல்ல. இதன்மேல் வினிகரோ பாத்திரப் பொடியோ படக் கூடாது. மினுக்கம் போனால் போனதுதான்.

இங்கே வீட்டு நினைவைக் கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கிறது. 1950களில் கிளம்பிய துரையின் மேசையில் ஃபிரோசாபாத் ஜாடி இருந்திருக்கலாம். அல்லது பாட்டி பிற்பாடு சேலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, மற்ற இரண்டோடு ஒரே அலமாரியில் வைத்ததால் மூன்றும் ஒரே கதைக்குள் வந்திருக்கலாம். வீட்டில் மூத்தவர்களான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், எந்த ஜாடி எந்த அறையில் இருந்தது, எப்போது முதல் நினைவிருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி, தேதி போட்டு வையுங்கள். தாத்தாவின் எஸ்டேட் காகிதங்களில் துரை கிளம்பிய ஆண்டு இருந்தால் அதையும் சேருங்கள்.

தேய்மானத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பல பத்தாண்டுகள் புழங்கிய ஜாடி தரையைத் தொடும் வளையத்தில், பல திசைகளில் ஓடும் நுண்ணிய கீறல்கள் மங்கிய பட்டையாகத் தெரியும். உப்புத்தாள் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருக்கும். நம் வீடுகளில் இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஷோகேசில் வைத்து, தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் எடுத்துத் துடைத்த ஜாடிக்குத் தேய்மானமே இருக்காது. அதை வைத்துப் புதிது என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் குடும்பத்தின் முடிவு. வெளிநாட்டில் விற்றுத் தருவதாகச் சொல்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருளையும் கைவினைப் பொருளையும் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. அவர் சொல்வதுபோல 200 வருடப் பழமை என்றால் எப்படி அனுப்பப் போகிறார்? நூறு ஆண்டுக்கு உட்பட்டது என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறலாம். ஆனால் அப்போது அவர் சொல்லும் வயது நிற்காது. மீன் ஜாடியைச் சும்மா சேர்க்கச் சொன்னது அறியாமையாலா என்பது எனக்குத் தெரியாது. இந்தியக் கார்னிவல் கண்ணாடியைத் தேடிச் சேர்ப்பவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். மற்ற இரண்டோடு கட்டிக் கொடுக்காமல் அதைத் தனியாக மதிப்பிட வேண்டும்.

சோதனைகள் முடிந்ததும், கனமான ஜாடியின் இரண்டு எடைகளையும், மூன்று ஜாடிகளின் அடிப்புறப் படங்களையும் அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், கறுப்புத் துணியின் மேல் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோடு எடுத்த படங்களாக இருக்கட்டும். மடிப்பு வாய் ஜாடிக்கு மட்டும் ஊதா விளக்கின் கீழ் எடுத்த படம் ஒன்றும் வேண்டும்.